சால்வை வேண்டாம், கணக்கைக் கேளுங்கள்!



நெய்வேலி ஆர்ச் கேட் அருகே, நெடுஞ்சாலை ஓரத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். தெற்கே செல்லும் பேருந்து சற்றைக்கெல்லாம் வடலூரை அடையும். அங்கே 1867ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. பசித்து வந்தவனை, ‘நீ யார், எவ்வூர், எச்சாதி?’ என்று கேளாமல் இலைபோட்டு அமர்த்துகிறது அந்தத் தருமச்சாலை. வடக்கே செல்லும் பேருந்தோ பண்ருட்டி வழியாக விக்கிரவாண்டிக்குப் போகும். அந்த விக்கிரவாண்டிக்கு அருகில்தான் இருக்கிறது குண்டலப்புலியூர்.

குண்டலப்புலியூர்! மறந்திருக்கமாட்டீர்கள். 2023 பிப்ரவரித் திங்களில் நாளேடுகள் எல்லாம் அந்தச் சிற்றூரின் பெயரைத் தலைப்பில் தாங்கி வந்தன. ‘அன்பு ஜோதி’ என்று பெயர் சூட்டப்பட்ட ஆசிரமம். முதியோரும், மனநலம் குன்றியோரும், கேட்பாரற்றோரும் அங்கே வைக்கப்பட்டிருந்தனர். அரசின் உரிமம் இல்லாமலே நடந்துவந்த இடம் அது என்பது, அதிகாரிகள் உள்ளே நுழைந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. 140க்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அடித்தார்கள், கட்டிவைத்தார்கள், பெண்களின் மானத்தைச் சூறையாடினார்கள் என்று, கேட்கக் காது கூசும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. நடத்தியவர் கைது செய்யப்பட்டார், வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது. தீர்ப்பு வழங்குவது நீதிமன்றத்தின் வேலை. அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது வேறொன்று. அந்த இருட்டறையின் கதவு எப்படித் திறந்தது என்பதுதான் அது.

சமூகநலத் துறையின் சோதனையால் திறந்ததா? இல்லை. சட்டமன்றத்தில் யாரேனும் எழுப்பிய கேள்வியால் திறந்ததா? அதுவும் இல்லை. 2021 டிசம்பரில் அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைத் தேடி உறவினர் வந்தனர். ‘அவர் இங்கில்லை, பெங்களூரில் உள்ள இல்லத்துக்கு மாற்றிவிட்டோம்’ என்றது நிர்வாகம். பெங்களூருக்கு ஓடினர், அங்கும் அவர் இல்லை. உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டனர். ‘ஆள் எங்கே?’ என்ற ஒற்றைக் கேள்வி! அந்தக் கேள்விதான் கதவை உடைத்தது. கேட்க ஒரு உறவு இருந்ததால் ஒருவர் காணாமற்போனது தெரியவந்தது. கேட்க எவருமே இல்லாதவரின் கணக்கு என்னவாகியிருக்கும்?

இத்தகைய இல்லங்களுக்கு வெளியார் எவரும் போவதேயில்லை என்று எண்ணிவிடாதீர்கள். போகிறோம். தலைவர் பிறந்தநாள் என்றால் போகிறோம். கிளைச் செயலாளர் இல்லத் திருமணம் என்றால் போகிறோம். நம்மைப் பற்றித்தான் சொல்கிறேன், தோழர்களே. மாற்றுக் கட்சியாரைப் பற்றி அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு விழாவுக்கு நானும் போனேன். இல்லத்தின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். பகல் பதினோரு மணிக்கு உணவு வழங்குவதாக ஏற்பாடு. தலைமை தாங்க வேண்டியவரின் கார் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. விடியற்காலையிலேயே எழுப்பிக் குளிப்பாட்டி, புதுத்துண்டு போர்த்தி, வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தனர் நாற்பது முதியோர். இலையில் இனிப்பு இருந்தது, வடை இருந்தது, பிரியாணி ஆறிக் கிடந்தது. புகைப்படம் எடுக்கும்வரை கை வைக்கக்கூடாது என்று உத்தரவு! நானும் அந்த வரிசையின் பின்னால் சிரித்த முகத்தோடு நின்றேன். எல்லாம் முடிந்து புறப்படும்போது ஒரு மூதாட்டி, இலையிலிருந்த இரண்டு லட்டுகளையும் முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். ‘ஏன் பாட்டி, சாப்பிடலையா?’ என்றேன். ‘ராத்திரிக்கு வேணும் தம்பி’ என்றார்.

ராத்திரிக்கு வேண்டும்! அப்படியானால் ராத்திரி அங்கே என்ன நடக்கிறது? அதைக் கேட்காமலே வண்டி ஏறினேன். மறுநாள் ஏட்டில் படம் வந்தது. படத்தில் அந்த மூதாட்டியும் இருந்தார். இன்றைய கட்டுரை, அன்று கேட்காமல் விட்ட கேள்விக்கு நான் கட்டும் வட்டி.

ஓர் இல்லம் நல்ல இல்லமா, தீய இல்லமா என்று எதைக்கொண்டு முடிவு செய்வது? நெய்வேலிக்காரர்களுக்கு அளப்பது எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தம் நிலத்தில் கிணறு தோண்டக் கறுத்த நீர் வரக் கண்டு ஐயுற்று, பின்னர் 620 ஏக்கர் நிலத்தையே வழங்கினார் ஜம்புலிங்க முதலியார். 1956 நவம்பர் 14இல் நிறுவனம் பிறந்தது; 1957 மே 20இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்; 1961இல் பழுப்பு நிலக்கரி முகம் காட்டியது. அந்நாள் தொட்டு அங்கே அளக்கப்படாத பொருள் உண்டா? நிலக்கரிப் படுகைக்கு அடியில் பேரழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து, அழுத்தத்தைத் தணித்து, ஆழ்துளைக் கிணறுகளில் மட்டம் பார்த்து எழுதிக்கொண்டேயிருக்க வேண்டும். ஒருநாள் அசந்தால் சுரங்கத்தின் தரையே பொங்கிவிடும் என்று தொழிலாளத் தோழன் உங்களுக்குச் சொல்வான். வெட்டிய மண்ணுக்குக் கணக்கு, கரிக்குக் கணக்கு, சாம்பலுக்குக் கணக்கு. படுக்கையில் கிடக்கும் கிழவிக்கு மட்டும் கணக்கில்லை என்றால், அது அளக்கத் தெரியாமை ஆகாது; அளக்க மனமில்லாமை.

பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவ அறிஞர், 1966இல் ஒரு கட்டுரை எழுதினார். மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மூன்று இடங்களில் பார்க்கவேண்டும் என்றார். என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், அதனால் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று? நாம் பார்ப்பதெல்லாம் முதலாவதை மட்டுமே. கட்டில் இருக்கிறதா, மின்விசிறி சுழல்கிறதா, சுவர் வெள்ளையடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ‘நன்றாக நடத்துகிறார்கள்’ என்று வருகைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டுத் திரும்புகிறோம். கட்டில் பேசாது, தோழர்களே. கட்டிலில் கிடப்பவரின் முதுகு பேசும். தானே புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும் என்பது செவிலியர் பாடத்தின் அரிச்சுவடி. புரட்டினார்களா, இல்லையா என்பதைப் படுக்கைப்புண் காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை பேருக்குப் புண், அது இல்லத்துக்கு வந்தபின் உண்டானதா, முன்பே இருந்ததா? இதற்கு விடை சொல்லத் தயங்கும் நிர்வாகியின் வீட்டுக் கூடத்தில் எத்தனை விருதுகள் தொங்கினாலும் எனக்குக் கவலையில்லை.

சாப்பாட்டைப் பாருங்கள், ஆனால் பகல் சாப்பாட்டை அன்று. நன்கொடையாளர் வருவது பகலில்தான். மாலை ஐந்தரைக்கே இரவு உணவைக் கொடுத்து விளக்கை அணைத்துவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு இட்லி கொடுத்தால் இடையில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நீரிழிவுக்கு மாத்திரை விழுங்கிய முதியவர் அந்த நெடும்பொழுதை எப்படிக் கழிப்பார்? என் மூதாட்டியின் முந்தானை முடிச்சுக்குப் பொருள் எனக்கு இப்போது விளங்குகிறது. மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்து எழுதும் வழக்கம் உண்டா என்று கேளுங்கள். எடை பார்க்கும் கருவியின் விலை, நீங்கள் வாங்கிச் செல்லும் சால்வைகளின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

இரவில் எத்தனை பேர் காவலுக்கு, எத்தனை பேர் பணிவிடைக்கு? முப்பது பேருக்கு ஓர் ஆயா, அவரும் பகலெல்லாம் துணி துவைத்தவர் என்றால், நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகக் கூப்பிடும் குரலுக்கு யார் வருவார்? வருவாரில்லை என்பதால் சிலர் மாலைக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை. தூக்க மாத்திரை யார் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. மருத்துவர் எழுதிய சீட்டு இருக்கிறதா? ஓய்வூதியப் புத்தகமும் வங்கி அட்டையும் முதியவரின் தலைமாட்டில் இருக்கின்றனவா, மேலாளரின் பெட்டியில் இருக்கின்றனவா? கதவின் தாழ்ப்பாள் உட்புறமா, வெளிப்புறமா? ‘எனக்கு வேண்டாம்’ என்று ஒரு முதியவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டா? குளிக்கும் நேரம், தலைமயிரை ஒட்ட வெட்டுவது, பிரார்த்தனையில் உட்காருவது ஆகியவற்றில் அவர் விருப்பம் கேட்கப்படுகிறதா? சோறு போடுகிறோம் என்பதற்காகச் சுயமரியாதையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச்சொல்லும் இடம், சிறையைவிட எவ்வகையில் மேல்? சிறைக்காவது விடுதலை நாள் ஒன்று உண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு கணக்கு இருக்கிறது. குண்டலப்புலியூர் நமக்குக் கற்றுத்தந்த கணக்கு அது. இந்த ஆண்டு வந்து சேர்ந்தவர் எத்தனை பேர்? இன்று இருப்பவர் எத்தனை பேர்? வீடு திரும்பியவர், வேறிடம் மாற்றப்பட்டவர், இறந்தவர் எத்தனை பேர்? இறந்தவருக்கு இறப்புச் சான்றிதழ் உண்டா? மாற்றப்பட்டவர் போய்ச் சேர்ந்தார் என்பதற்கு அந்த இடத்தின் கையொப்பம் உண்டா? 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பாலேஸ்வரத்து இல்லத்தின் வண்டியை மக்கள் மறித்தபோது, அதில் காய்கறியும், ஒரு பிணமும், உயிருள்ள முதியோரும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தது கண்டு தமிழ்நாடே அதிர்ந்தது. வண்டிக்குள்ளிருந்த மூதாட்டி கூச்சலிட்டிராவிட்டால் அன்றும் வண்டி போயிருக்கும். ஐந்தாண்டு கழித்துக் குண்டலப்புலியூர். இரண்டிலும் கணக்கை அரசு கேட்கவில்லை; ஒன்றில் ஒரு கிழவியின் கூக்குரலும், மற்றொன்றில் ஓர் உறவினரின் மனுவும் கேட்டன.

இங்கிலாந்தின் கதையையும் கேளுங்கள். ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய பழைய ‘ஒர்க் அவுஸ்’ கொடுமைக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிவு கட்டிவிட்டதாக அந்நாடு பெருமை பேசிற்று. பத்தாண்டு கழித்துப் பீட்டர் டவுன்சென்ட் என்ற ஆய்வாளர் 173 முதியோர் இல்லங்களுக்கு நேரில் போனார். ஒன்றில் பணியாளாகவே சேர்ந்து, முதியோரைக் குளிப்பாட்டியும் பார்த்தார். பெயர்ப்பலகைதான் மாறியிருந்தது, அதே கட்டடத்தில், நீண்ட கூடத்தில், கட்டிலோடு கட்டில் ஒட்ட, ஆயிரக்கணக்கான கிழவர்கள் கிடந்தனர். ‘கடைசிப் புகலிடம்’ என்று 1962இல் அவர் வெளியிட்ட நூல் ஆட்சியாளரின் உறக்கத்தைக் கலைத்தது. இன்று அந்நாட்டில் ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வருகிறார். ‘மிக நன்று, நன்று, திருந்தவேண்டும், போதாது’ என்று தரமிடுகிறார். அந்தத் தரத்தை வருவோர் காண இல்லத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். அங்கும் குறை தீர்ந்துவிடவில்லை. ஆனால் குறை எங்கே என்று குடிமகனுக்குத் தெரிகிறது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தை மாநில அரசு ‘ஏற்படுத்தலாம்’ என்கிறது அதன் 19ஆம் பிரிவு. ‘ஏற்படுத்த வேண்டும்’ என்று சொல்லவில்லை! ஒரு விகுதியில் ஒளிந்துகொண்டது ஓர் ஆட்சியின் பொறுப்பு. இல்லங்களின் தரத்தை வகுக்கும் திட்டத்தையும் அரசு ‘வகுக்கலாம்’. முதியோர் இல்லங்கள் அனைத்தும் பதிவு செய்யப்பட வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்ற திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டது. நிலைக்குழுவுக்குப் போயிற்று, அறிக்கை வந்தது, உறங்கிற்று. 2024இல் அவை கலைந்தபோது மசோதாவும் மாண்டது. எத்தனையோ சட்டங்களை ஒரே பகலில் நிறைவேற்றிய அவைக்கு, இந்த ஒன்றுக்கு நான்கரை ஆண்டில் நேரம் கிடைக்கவில்லை.

இதில் நெய்வேலிக்கு என்ன தனிக்கவலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. அழகாக வகுத்துக் கட்டப்பட்ட நகரியம் அது. வட்டம் வட்டமாக வீடுகள், மரங்கள் சூழ்ந்த சாலைகள், பள்ளி, மருத்துவமனை. ஆனால் அது வேலை செய்வோருக்கான ஊர். ஓய்வு பெற்றால் குடியிருப்பின் சாவியைத் திருப்பித் தரவேண்டும். வாழ்நாளெல்லாம் ஓரிடத்தில் வாழ்ந்து, அக்கம்பக்கத்தாரை உறவாக்கிக்கொண்டவர், முதுமை தொடங்கும் வேளையில் அந்த உறவை இழந்து புதிய ஊர் தேடுகிறார். நிரந்தரத் தொழிலாளிக்காவது கையில் பணிக்கொடை உண்டு, ஓய்வுக்குப் பின் மருத்துவ உதவி உண்டு. அதே சுரங்கத்தில், அதே வெயிலில் நின்ற ஒப்பந்தத் தொழிலாளிக்கு? வைப்புநிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையை மாதம் 1,000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்கள். அத்தொகையில் இன்று எந்த இல்லம் அவரை ஏற்கும்? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வேறிடம் குடியேறிய சிற்றூர் மக்களை எண்ணிப் பாருங்கள். அன்று இளைஞராயிருந்தோர் இன்று எண்பதையும் தொண்ணூறையும் தொட்டவர். நிலம் இருந்தவரை முதியவருக்கு வீட்டில் ஒரு சொல் இருந்தது. நிலம் போயிற்று, சொல்லும் போயிற்று. நாட்டுக்கு விளக்கேற்றிய ஊரில், விளக்கேற்ற இடம் தந்தவர் எந்த இருட்டில் கிடக்கிறார் என்று தேடுவது நம் கடமையில்லாமல் வேறு யாருடைய கடமை?

1962இல் காமராசர் ஆட்சியில் முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை தொடங்கப்பட்டது. மாற்றார் செய்தது என்பதற்காக அதை மறைப்பதற்கில்லை. வளர்ந்து வளர்ந்து அது 2023இல் 1,200 ரூபாய் ஆயிற்று. இதில் அறுபது முதல் எழுபத்தொன்பது வயதுவரை உள்ளவருக்கு டில்லியின் பங்கு வெறும் 200 ரூபாய்; ஆண்டுகள் பல உருண்டும் அந்த எண் நகரவில்லை. தமிழ்நாட்டில் 2021இல் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர். 2031இல் நூற்றுக்குப் பதினெட்டைத் தாண்டும் என்று அரசின் நிபுணர் குழு கணித்திருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே நடந்த மாநிலம் முதுமையையும் முன்னே சந்திக்கிறது.

‘முதியோர் இல்லமே தமிழ்ப் பண்பாட்டுக்கு இழுக்கு, கூட்டுக் குடும்பம் திரும்பினால் போதும்’ என்று மேடையில் கண்ணீர் வடிப்போர் உண்டு. அந்தக் கூட்டுக் குடும்பத்தில் மாமியாருக்குக் கால் பிடித்ததும், படுக்கைத் துணி அலசியதும் யார்? கூலியில்லாத மருமகள்! அவள் இன்று படித்தாள். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறாள். பெண்ணை மீண்டும் அடுப்பங்கரைக்கு அனுப்பி முதியவரைக் காப்பாற்றுவது நம் இயக்கத்தின் வழியாகாது.

இன்னொரு வாதம் உண்மையாகவே கனமானது. ‘ஏதோ நல்ல மனம் கொண்டோர் நன்கொடை திரட்டி நடத்துகிறார்கள். கணக்குக் கேட்டு நெருக்கினால் மூடிவிட்டுப் போவார்கள்; இருக்கும் கூரையும் போய்விடும்’ என்கிறார்கள். சில இல்லங்கள் மூடக்கூடும், மறுக்கவில்லை. நெய்வேலியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள எந்த இல்லத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமுமன்று. நல்ல இல்லம் நடத்துவோர்தாம் முதலில் கணக்குப் புத்தகத்தை எடுத்து நீட்டுவர். தம் உழைப்பு பொய்யர்களின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவதை அவர்கள் விரும்பமாட்டார்கள். ஆனால் இரண்டு கடமைகளும் சேர்ந்தே வரவேண்டும். ஆயாவுக்குச் சட்டப்படியான கூலி, இரவுக்கு இன்னோர் ஆள், வாரம் ஒருமுறை அரசு மருத்துவர் ஆகியவற்றுக்கான செலவை அரசு ஏற்கவேண்டும். பிறகு கண்டிப்போடு கணக்குக் கேட்கவேண்டும். பணமும் தராமல், கேள்வியும் கேட்காமல், ‘தொண்டு’ என்று பெயரிட்டுக் கைகழுவுவதுதான் குண்டலப்புலியூர்களை விளைவிக்கும் வயல்.

ஆகவே கிளைக் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பிறந்தநாள் விழாவுக்கு ஒதுக்கிய தொகையில் பதாகைச் செலவை நிறுத்துங்கள். மாதம் ஒரு மாலை, ஆறு மணிக்குப் பிறகு, இரண்டே இரண்டு பேர், ஒருவர் பெண்ணாக, உங்கள் பகுதி இல்லத்துக்குப் போங்கள். படம் எடுக்காதீர்கள். நிர்வாகியின் அனுமதியோடு, ஆனால் அவர் இல்லாமல், ஒரு முதியவரோடு அரைமணி நேரம் பேசுங்கள். அவர் பேச விரும்பாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கொடுமை கண்டால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண்ணுக்கு அங்கிருந்தே பேசுங்கள். பெரிய குறை எதுவும் தென்படவில்லை என்றால், அதையும் ஊரில் சொல்லுங்கள்.

மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். கடலூர் மாவட்டத்தில் பதிவு பெற்ற முதியோர் இல்லங்கள் எவை, ஒவ்வொன்றும் கடந்த மூன்றாண்டில் எந்தெந்த நாளில் ஆய்வு செய்யப்பட்டது, ஆய்வறிக்கையின் நகல் என்ன, சேர்ந்தவர், இருப்பவர், மாற்றப்பட்டவர், இறந்தவர் எண்ணிக்கை என்ன என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளும், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையும் போதும். முப்பது நாளில் விடை தரவேண்டும். வந்த விடையை, வராத விடையையும், இந்த ஏட்டின் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஞாயிறுதோறும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.